விவாத இழை: ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) இனவெறி பற்றிய படமா, நாம் ஏற்றிச் சொல்கிறோமா?

முகில்நிலா:
வணக்கம். முதுகலை ஆங்கில இலக்கிய ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க ஜார்ஜ் ரொமேரோவின் இந்தப் படம்தான். பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்னும் இரவில் ஒரு பண்ணை வீட்டுக்குள் சிலர் அடைபட்டுக் கிடப்பதே கதை. நாயகன் பென் கறுப்பினத்தவன். இரவு முழுக்கத் தாக்குப்பிடித்தவனைக் காலையில் வரும் வெள்ளையர் கூட்டம் நடமாடும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அதே ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். இவற்றைச் சேர்த்து எழுதலாம் என்று பார்த்தால், பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் நடிப்புத் தேர்வில் சிறப்பாகச் செய்ததால்தான் எடுத்தோம், நிறம் பார்க்கவில்லை என்று ரொமேரோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இந்த வாசிப்பு நிற்குமா? எந்தக் கோட்பாட்டை எடுப்பது, எங்கிருந்து தொடங்குவது?

சுருள்பெட்டி:
கோட்பாடு இருக்கட்டும், முதலில் தேதிகள். இந்தப் படத்தைப் பற்றிய கட்டுரைகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு தாளில் மூன்று பத்தி பிரியுங்கள்: எடுக்கப்பட்ட காலம், வெளியான நேரம், பேசப்பட்ட காலம்.

முதல் பத்தியில் 1967 வரை நடந்தவை மட்டும் வரும். படப்பிடிப்பு அந்த ஆண்டு, பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே எவன்ஸ் சிட்டி வட்டாரத்தில். அதே ஜூலையில் நியூவர்க்கிலும் டெட்ராய்ட்டிலும் கலவரம், டெட்ராய்ட்டில் மட்டும் 43 பேர் இறந்தார்கள். 1963-ல் பர்மிங்காமில் போலீஸ் நாய்கள் உரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தினர் மீது ஏவப்பட்டதும், 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் நடந்த தடியடியும் ஏற்கெனவே வீட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடியவை. வியட்நாமும் அப்படியே. படத்தின் கடைசியில் நாய்களோடு வயல்வெளியில் நடந்துவரும் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

இரண்டாம் பத்தி 1968. பிப்ரவரி இறுதியில், முந்தைய ஆண்டுக் கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையத்தின் அறிக்கை, நாடு கறுப்பு, வெள்ளை என இரண்டு சமூகங்களாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்றது. ஏப்ரல் 4 கிங் கொலை. அக்டோபர் 1 பிட்ஸ்பர்க் ஃபுல்டன் திரையரங்கில் படத்தின் முதல் காட்சி.

இப்போது பாருங்கள், கிங் எந்தப் பத்தியில் இருக்கிறார்? இரண்டாவதில். படம் முடிந்து, விநியோகஸ்தரைத் தேடி பிரிண்டோடு நியூயார்க் போகும் வழியில் காரில் வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டதாக ரொமேரோவே சொல்லியிருக்கிறார். ஆகவே “கிங் கொலையின் தாக்கத்தால் அமைந்த முடிவு” என்று எழுதினால் தேர்வாளர் அங்கேயே சிவப்பு மையில் வட்டம் போடுவார். “கிங் கொலையுண்ட ஆறு மாதத்தில் இந்த முடிவைப் பார்த்த அரங்கம்” என்று எழுதினால் யாரும் கை வைக்க முடியாது.

வியட்நாமில் அமெரிக்கப் படையினர் நடத்திய மை லாய் படுகொலையை இழுக்கும் கட்டுரைகளும் உண்டு. படுகொலை நடந்தது 1968 மார்ச் 16, அமெரிக்கப் பொதுமக்களுக்குத் தெரியவந்தது 1969 நவம்பரில். அது மூன்றாம் பத்திக்குத்தான் போகும்.

வடக்குவாசல்:
சுருள்பெட்டி சொன்ன மூன்று பத்திக்கும் மூன்று வேறு கேள்விகள் உண்டு. அவற்றைக் கலக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எடுத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வாழ்க்கை வரலாற்றுக் கேள்வி. படம் என்ன செய்கிறது என்பது வடிவக் கேள்வி. பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பது ஏற்பு பற்றிய கேள்வி.

விமர்சகர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-ல் எழுதிய ‘நோக்கப் பிழை’ கட்டுரை முதல் கேள்வியின் விடையைக் கொண்டு இரண்டாவதைத் தீர்க்காதே என்கிறது. அதை மேற்கோள் காட்டுங்கள், ஆனால் அவர்கள் பேசியது கவிதையை, அதாவது ஒரே கை எழுதிய பிரதியை. இங்கே பல கைகள். திரைக்கதையில் பென் ஒரு முரட்டு லாரி ஓட்டுநர். அந்தப் பேச்சை மாற்றி, நிதானமாக யோசித்துப் பேசுகிற ஆளாக்கியவர் டுவேன் ஜோன்ஸ். பென் பிழைத்துப்போகும் முடிவைவிடச் சாகும் முடிவே சரி என்று தான் வாதிட்டதாகவும் அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். “நிறம் பார்க்கவில்லை” என்று இயக்குநர் சொன்னால், பார்த்தவர் ஒருவர் கேமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். படைப்பாளியின் நோக்கம் என்று ஒருமையில் எழுதுவதே இங்கே தவறு.

நடைமுறையில்: “ரொமேரோ சொல்ல வருகிறார்” என்று தொடங்கும் எல்லா வாக்கியத்தையும் தேடி எடுத்து “படம் காட்டுகிறது” என்று மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகு எந்தக் காட்சி என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்தையே வெட்டிவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஹான்ஸ் ராபர்ட் யாஸின் ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ உதவும், அதாவது அந்தக் காலத்து வாசகர் எந்த எதிர்பார்ப்போடு ஒரு படைப்பை அணுகினார் என்ற கருத்து.

காடோடி:
எனக்கு இது எப்போதுமே உறுத்தல். படத்தில் ஒருவர்கூடப் பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதே வீட்டில் மனைவி, மகளோடு ஒளிந்திருக்கும் ஹாரி கூப்பர் அவனோடு மல்லுக்கு நிற்பது நிலவறையா, மேல்தளமா என்பதற்காக. அதிலும் ஹாரி சொன்னதுதான் கடைசியில் சரியாகிறது! நிலவறை சாவுப்பொறி என்று இரவெல்லாம் கத்திய பென், அதே நிலவறைக்குள் பூட்டிக்கொண்டுதான் விடியும்வரை உயிரோடு இருக்கிறான். பெட்ரோல் போடப் போகும் திட்டமும் அவனுடையது, அதில் கூட இருந்த இளஞ்ஜோடி டாமும் ஜூடியும் எரிந்து சாகிறார்கள். இவ்வளவு தவறு செய்யும் ஒருவனை ஒடுக்கப்பட்டோரின் குறியீடாக்குவது எப்படி? பேசாத ஒன்றைப் பேசியதாகச் சொல்லத் தொடங்கினால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே?

வடக்குவாசல்:
சொல்ல முடியாது தோழர். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

குறியியலில் பதிலீட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு கூறை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்ப்பது, பொருள் மாறினால் அந்தக் கூறு பொருளைச் சுமக்கிறது. ஜான் ஓ. தாம்சன் 1978-ல் இதைத் திரை நடிப்புக்குப் பயன்படுத்தினார். பென்னின் இடத்தில் ஒரு வெள்ளை நடிகரை வையுங்கள், வசனம் ஒன்றும் மாறக் கூடாது. ஹாரியோடு சண்டை? ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்த வீட்டில் தஞ்சம் புகுந்த வெள்ளைப் பெண் பார்ப்ரா அறைந்ததும் அவன் திருப்பி அடிப்பது? 1968-ன் அரங்கில் அதன் எடை மாறிவிடும். கடைசி நிழற்படங்கள்? அடியோடு மாறும். ஆக, உங்கள் வாதத்தைப் படம் முழுக்கப் பூசாதீர்கள். சோதனையில் தேறிய இடங்களில் மட்டும் ஊன்றுங்கள்.

அந்த முடிவை நிதானமாகப் பார்ப்போம். ஷெரிஃப் மெக்கிளெல்லண்ட், பக்கத்தில் இருப்பவனிடம் நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நடுவில் சுடச் சொல்கிறார். ஒரே குண்டு. இன்னொன்று நெருப்புக்கு என்ற தொனியில் ஒரு வசனம். அதோடு அசையும் படம் நின்றுபோகிறது. அதன்பின் வருபவை செய்தித்தாள் புகைப்படம் போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும் நிழற்படங்கள்: கையில் இறைச்சிக் கொக்கியோடு ஆட்கள், தரையில் கிடக்கும் பென், கூடி நிற்பவர்கள். பின்னணியில் வானொலிக் கரகரப்பும் ஆட்களின் பேச்சும். திரும்ப அசையும் படம் வரும்போது நெருப்பு மூட்டப்பட்டுவிட்டது. இந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கும்பல் கொலைகளைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றார்கள். உடல் நடுவில், சுற்றிலும் கேமராவைப் பார்த்து நிற்கும் வெள்ளையர்கள். வெள்ளையர் கடத்திக் கொன்ற எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனின் சிதைந்த முகத்தை 1955-ல் ‘ஜெட்’ இதழ் வெளியிட்ட பிறகு கறுப்பின வீடுகளில் அந்தப் படத்தை அறியாதவர் குறைவு. யாரும் நிறத்தைப் பேசாத படம், தன் கடைசி நிமிடங்களில் அந்தப் படங்களின் சட்டகத்தைக் கடன் வாங்குகிறது. ஆதாரம் வசனத்தில் இல்லை, படம் நின்றுபோகும் விதத்தில் இருக்கிறது.

பேசாமை பற்றி இன்னொன்று. கறுப்பின நட்சத்திரம் சிட்னி பாய்ட்டியே 1967-ல் நடித்த பெயர்பெற்ற படங்களை இதனருகில் வையுங்கள். அங்கே நாயகனின் நிறமே கதை, அவன் குறையற்றவனாக இருந்தாக வேண்டும். இங்கே பென் தவறு செய்கிறான், கோபத்தில் ஹாரியைச் சுட்டும் விடுகிறான். நீங்கள் பட்டியலிட்ட தவறுகள் வாசிப்பைப் பலவீனமாக்கவில்லை. உத்தமனாக இருந்தால்தான் இரங்குவோம் என்ற அந்தக்கால ஒப்பந்தத்தைப் படம் ஏற்கவில்லை என்பதற்கு அவைதான் சான்று.

காடோடி:
கடைசிக் காட்சியை ஏற்கிறேன். ஹாரி சரியாகச் சொன்னான் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சுருள்பெட்டி:
அதற்கு ஒரு அட்டவணை போட்டாலே போதும். 96 நிமிடப் படம். ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு கட்டம்: இடம், யார் பேசுகிறார்கள், துப்பாக்கி யார் கையில், வானொலியோ தொலைக்காட்சியோ ஓடுகிறதா. நிரப்பி முடித்ததும் தெரியும், மேலா கீழா என்ற சண்டை முற்றும்போதெல்லாம் கேள்வி யார் முடிவெடுப்பது என்பதாக மாறிவிடுகிறது. லாரி எரிந்த பிறகு ஓடிவரும் பென்னுக்கு ஹாரி கதவைத் திறக்கவில்லை, உதைத்துத்தான் உள்ளே வருகிறான். பிணங்கள் பலகைகளைப் பிய்க்கும்போது பென் கைவிட்ட துப்பாக்கியை ஹாரி எடுக்கிறான். நிலவறை பாதுகாப்பானதுதான், அதற்குள் எல்லோரும் சேர்ந்து போயிருந்தால். ஹாரி குண்டடிபட்டுத் தடுமாறிக் கீழே போகிறான், அங்கே பிணந்தின்னியாக மாறும் அவனுடைய சொந்த மகள் காத்திருக்கிறாள். திரை விமர்சகர் ராபின் வுட் 1979-ல் இந்த வகைப் படங்களைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும்: ஒடுக்கப்பட்டது திரும்பி வருகிறது, அது வருவது வெளியிலிருந்து அல்ல, குடும்பத்துக்குள்ளிருந்து.

கருவிழி:
எல்லோரும் முடிவிலேயே நிற்கிறீர்கள். தொடக்கத்தில் ஒரு மலர்வளையம் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

அண்ணன் ஜானியும் தங்கை பார்ப்ராவும் நெடுந்தூரம் காரோட்டி அப்பாவின் கல்லறைக்கு வருவது ஒரு சடங்குக்காக. பெயர்கள் ஓடும்போதே கல்லறைத் தோட்டத்தில் அமெரிக்கக் கொடி படபடக்கிறது. ஜானி மலர்வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு புலம்புகிறான்: வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்குகிறோம், போன வருஷத்தது காணாமல் போகிறது, துடைத்துவிட்டு நமக்கே மறுபடி விற்கிறார்களோ என்னவோ. சடங்கு ஏற்கெனவே செத்துவிட்டது, வியாபாரம் மட்டும் மிச்சம். பிற்பாடு தொலைக்காட்சியில் அறிவிப்பு வருகிறது: இறந்தவரை உடனே எரித்துவிடுங்கள், இறுதிச்சடங்கு தரும் ஆறுதலை மறந்துவிடுங்கள், அது வெறும் ஆபத்தான சதை. கடைசியில் கொக்கி, நெருப்பு.

ஜூலியா கிறிஸ்தேவா 1980-ல் எழுதிய ‘பவர்ஸ் ஆஃப் ஹாரர்’ நூலில், நாம் நாமாக இருப்பதற்காக அருவருத்து எல்லைக்கு வெளியே தள்ளுபவற்றின் உச்சம் பிணம். சடங்கு என்பது அந்தத் தள்ளுதலை மரியாதையோடு செய்யும் ஏற்பாடு. அது விலகியதும் எது பிணம், எது ஆள் என்று முடிவு செய்யும் அதிகாரம் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் போகிறது. பென் செத்தது அந்த அதிகாரத்தின் கையில். இப்படிப் போனால் இனவெறி வாசிப்பும் பிண வாசிப்பும் தனித்தனி இயல்களாகப் பிரியாது.

ஒரு எச்சரிக்கை. கிறிஸ்தேவாவை எடுத்துவிட்டுக் கூடவே ஃபிராய்டின் 1919 கட்டுரை, லக்கான், தெலூஸ் என்று அடுக்காதீர்கள். ஓர் இயலுக்கு ஒரு முதன்மைக் கோட்பாடு, அதைக் கேள்வி கேட்க இன்னொன்று. மூன்றாவது வந்தாலே படம் காணாமல் போய்விடும்.

எட்டாம்நூற்பா:
அச்சத்தைப் பற்றிப் பேசும்போது, உடலில் வெளிப்படும் உணர்வுகளைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை விட்டுவிடுவானேன்?

“அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே.”

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரையில் பேயும் பூதமும் அணங்கின் கீழ் வரும். இறை என்பதற்கு அவர் அரசரை மட்டும் சொல்லவில்லை, தந்தையரையும் ஆசிரியரையும் சேர்த்தே சொல்கிறார். இந்தப் படத்தை அதில் வைத்துப் பாருங்கள். தொடங்குவது அணங்கில். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுத்தவன் எதைப் பறிப்பானோ என்ற பயம். முடிவதோ இறையில்: முதலில் குடும்பத்தலைவன் ஹாரி, பிறகு சட்டத்தின் பெயரால் வரும் ஷெரிஃப். தந்தையையும் அரசனையும் ஒரே அச்சத்தின் கீழ் வைத்த உரையாசிரியர், ராபின் வுட்டுக்கு முன்பே அந்த முடிச்சைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

வடக்குவாசல்:
ஐயா, கவர்ச்சியான வாசிப்பு. ஆனால் “முன்பே பார்த்திருக்கிறார்” என்ற வாக்கியத்தை மட்டும் முகில்நிலா எடுத்துக்கொள்ள வேண்டாம். மெய்ப்பாடு உடலில் வெளிப்படும் உணர்வைப் பற்றியது, பிரதியின் அரசியலைப் பொருள்கொள்ளும் முறை அல்ல. பேராசிரியர் இறைக்கு அஞ்சுதலைக் குற்றமாகப் பார்க்கவும் இல்லை. பெரியோர்முன் அஞ்சுவது அந்த மரபில் ஒழுக்கம். படத்தில் அந்த அச்சத்துக்கு நியாயம் எதுவும் கொடுக்கப்படவில்லை. வேறுபாட்டை எழுதினால் ஒப்பீடு பயன் தரும், ஒற்றுமையை மட்டும் எழுதினால் பெருமை பேசியதாகிவிடும்.

இன்னொரு இடத்திலும் இதே ஒப்பீடு பயன்படும். தத்துவ அறிஞர் நோயல் கரோல் 1990-ல் ‘திகில்’ என்ற கலை உணர்வு அச்சமும் அருவருப்பும் சேர்ந்தது என்றார். வகைக்குள் அடங்காத உயிர், உயிரும் பிணமுமாக இருப்பது, அசுத்தமாகத் தோன்றும் என்பதற்கு தீட்டைப் பற்றி எழுதிய மானிடவியலாளர் மேரி டக்ளஸைத் துணைக்கு அழைக்கிறார். நம்மிடம் அச்சமும் இளிவரலும் (இழிவுணர்வு) தனித்தனி மெய்ப்பாடுகள். இளிவரல் பிறக்குமிடங்களோ மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அங்கே தீட்டு இல்லை, தளர்ச்சிதான் இருக்கிறது. கரோலை அப்படியே மொழிபெயர்த்து இளிவரல் மீது ஒட்டினால் பொருந்தாது.

எட்டாம்நூற்பா:
ஏற்கிறேன். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன், நூற்பா அங்கேயே இருக்கட்டும்.

மரக்கலம்:
ஜாம்பி எங்கிருந்து வந்தது என்பதை எழுதாமல் இனவெறி பற்றி எழுத முடியாது. பிரெஞ்சுக் காலனி சான் டொமிங்கில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் செத்துச் செத்து விழுந்தார்கள். 1791-ல் எழுந்த கிளர்ச்சி 1804-ல் ஹைட்டி என்ற நாடாக முடிந்தது. ஹைட்டியின் நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் தின்னாது, கடிக்காது. செத்த பிறகும் முதலாளிக்காக வயலில் உழைக்க எழுப்பப்பட்ட உடல் அது. அடிமைக்குச் சாவே விடுதலை என்றால், அந்த விடுதலையும் பறிபோவதுதான் அங்கே பயம்.

1915 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியில் இறங்கினார்கள், 1934 வரை இருந்தார்கள். சாலை போடக் கட்டாய உழைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எதிர்த்துப் போராடிய ஷார்லமான் பெரால்ட்டை 1919-ல் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படமெடுத்துப் பரப்பினார்கள். அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் வில்லியம் சீப்ரூக்கின் பயண நூல் 1929-ல் வெளியாகி ஜாம்பியை அமெரிக்க வாசகருக்குக் கொண்டுபோனது. 1932-ல் ‘ஒயிட் ஜாம்பி’ படம். அதில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி: வெற்றுக் கண்களோடு ஜாம்பிகள் செக்கைச் சுற்றித் தள்ளுகின்றன, கரும்புக் கூடை சுமந்த ஒன்று தவறி உள்ளே விழுகிறது, யாரும் நிற்பதில்லை, செக்கும் நிற்பதில்லை. கிரீச்சிடும் மரச்சத்தம் மட்டும் தொடர்கிறது. படத்தின் கதையோ ஒரு வெள்ளைப் பெண் ஜாம்பியாகிவிடுவாளே என்ற பதற்றம். இந்தப் பரம்பரையில்தான் 1968 வருகிறது.

சுருள்பெட்டி:
வரலாறு சரி, “இந்தப் பரம்பரையில்தான்” என்பதில்தான் சிக்கல். 1968 படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது, ‘கூல்’ என்கிறார்கள், பிணந்தின்னி. ரொமேரோ தான் கடன்பட்டதாகச் சொல்வது ரிச்சர்ட் மேதசனின் 1954 நாவலுக்கு, அதில் வருபவை ரத்தக்காட்டேரிகள். முதலாளிக்கு உழைக்கும் ஹைட்டி ஜாம்பிக்கும் யாருக்கும் கட்டுப்படாமல் தின்னும் இதற்கும் நேரடிக் கோடு இல்லை. படத்தைப் பார்த்தவர்கள்தான் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். இந்த வரிசையில் ரொமேரோவின் அடுத்த படமான ‘டான் ஆஃப் தி டெட்’டில் (1978) தான் அந்தச் சொல்லும் வருகிறது, டிரினிடாட்டில் பூசாரியாக இருந்த தாத்தாவை ஒரு கறுப்பினப் பாத்திரம் நினைவுகூர்வதும் வருகிறது. ஹைட்டியை எழுதுங்கள், ஆனால் மூலம் என்று எழுதாதீர்கள். 1968-க்குப் பிறகு பின்னோக்கிப் போடப்பட்ட உறவு என்று எழுதுங்கள்.

மரக்கலம்:
நேரடிக் கோடு இல்லை என்பதற்காக உறவே இல்லை என்றாகாது. செத்தும் ஓயாத உடல், அதை நோக்கி நீளும் வெள்ளையர் துப்பாக்கி என்ற கற்பனை 1932-லிருந்து அமெரிக்கத் திரையில் கிடக்கிறது. எடுத்தவர் அறியாமலும் அது வேலை செய்யும். பிரதிக்குள் தெரியாமல் புதைந்திருக்கும் சமூக முரணை அரசியல் நனவிலி என்று ஃபிரெட்ரிக் ஜேம்சன் சொன்னது இதைத்தானே?

சுருள்பெட்டி:
நனவிலியைச் சாட்சிக்கு அழைத்தால் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதுதான் என் தயக்கம். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், முகில்நிலா இருவரையும் அடிக்குறிப்பில் போடட்டும்.

முகில்நிலா:
எல்லோருக்கும் நன்றி. ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருத்துங்கள்:

“படத்தின் இறுதியில் ஷெரிஃப் மெக்கிளெல்லண்ட், கறுப்பினத்தவன் என்பதற்காகவே பென்னைச் சுட்டுக்கொல்கிறார். ஜாம்பிகள் நிக்சனின் ‘மௌனப் பெரும்பான்மை’யைக் குறிக்கின்றன. வியட்நாமின் தேடி அழிக்கும் நடவடிக்கைகளைப் படம் உருவகப்படுத்துகிறது. இதைக் கண்ட பார்வையாளர்கள் அமெரிக்காவின் இனவெறியை உணர்ந்தனர்.”

வடக்குவாசல்:
வரிசையாகப் போகிறேன்.

ஷெரிஃப் சுடவில்லை, சுடச் சொல்கிறார், சுடுபவன் வின்ஸ். இது சில்லறைத் திருத்தம் அல்ல. உத்தரவு ஒருவர், விசை இன்னொருவர், கொக்கி மூன்றாமவர் என்று கொலை பங்கு பிரிக்கப்படுவதே காட்சியின் பொருள். “என்பதற்காகவே” என்பதைப் படம் நிறுவவில்லை. தூரத்தில் ஜன்னலுக்குப் பின்னால் அசையும் ஓர் உருவம்தான் அவர்களுக்குத் தெரிகிறது. நிறம் பார்த்துச் சுட்டார்களா, பார்க்காமலே சுட்டார்களா என்று தீர்க்க முடியாதபடி எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தீராமையை எழுதுங்கள், அது உங்கள் வாதத்துக்கு வலு.

போராட்டத்தில் இறங்காத அமெரிக்கர்களின் ஆதரவு கேட்டு அதிபர் நிக்சன் ஆற்றிய ‘மௌனப் பெரும்பான்மை’ உரை 1969 நவம்பர் 3. படம் வந்து ஒரு வருடத்துக்கும் மேல். வெட்டுங்கள்.

தேடி அழித்தல் நல்ல இடம். தொலைக்காட்சிச் செய்தியாளர் கும்பலின் வேலையை விவரிக்க அந்த இராணுவச் சொற்றொடரையே பயன்படுத்துகிறார். ஆனால் “உருவகப்படுத்துகிறது” என்றதும் பிணம் மறைந்து வியட்நாம் மட்டும் மிஞ்சுகிறது. உருவகமாக வாசித்தால் வியப்புநிலை, அதாவது இது இயல்பா இயல்புக்கு மீறியதா என்ற தயக்கம், செத்துவிடும் என்று இலக்கியக் கோட்பாட்டாளர் தோதரோவ் 1970-லேயே எச்சரித்தார். போர்மொழி உள்நாட்டு வயலுக்கு வந்து சேர்ந்ததைக் காட்டுகிறது என்று எழுதினால் போதும்.

கடைசி வரி யாரைப் பற்றியது? எந்த ஊர், எந்த அரங்கு, எந்த வயது?

சுருள்பெட்டி:
அந்தக் கடைசி வரிக்குச் சரக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வயது அடிப்படையிலான தரச்சான்று முறை நடைமுறைக்கு வந்தது 1968 நவம்பர் 1. படம் வந்தது ஒரு மாதம் முன்பு. ஆகவே பகல் காட்சியில் சிறுவர்கள் தடையின்றி உட்கார்ந்திருந்தார்கள். 1969 ஜனவரியில் ரோஜர் ஈபர்ட் சிகாகோ சன்-டைம்ஸில் எழுதியது அந்தச் சிறுவர்களின் அழுகையையும் அதிர்ச்சியையும் பற்றி. அதே காலத்தில் நகர்மையத் திரையரங்குகளில் கறுப்பினப் பார்வையாளர்களிடம் படம் ஓடியதை கெவின் ஹெஃபர்னன் 2002 கட்டுரையில் விநியோக ஆவணங்களைக் கொண்டு காட்டியிருக்கிறார். இரண்டு அரங்குகள், இரண்டு வேறு பயங்கள். “பார்வையாளர்கள் உணர்ந்தனர்” என்ற ஒற்றை வரிக்குப் பதில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பிரிண்ட் விஷயத்தில் கவனம். விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பழைய தலைப்பு அட்டையோடு காப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. 1909 சட்டப்படி குறிப்பில்லாமல் வெளியிட்டால் உரிமை போச்சு. அதனால் இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் ஏராளம், பலவும் ஓரம் வெட்டுப்பட்டு, கறுப்பில் விவரம் தெரியாமல் இருக்கும். நிழற்படக் காட்சியை அவற்றில் வைத்து ஆராயக் கூடாது, புள்ளிகள் படத்தினுடையவையா பிரிண்டினுடையவையா என்றே சொல்ல முடியாது. 1986-ன் வண்ணமேற்றிய பதிப்பு வேண்டாம். முப்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று வந்ததில் புதிதாக எடுத்த காட்சிகளைச் சேர்த்திருக்கிறார்கள், அதை மேற்கோள் காட்டினால் 1968-ல் இல்லாததை ஆராய்ந்தவராவீர்கள். நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் 2016-ல் மீட்டெடுத்த 4கே பதிப்பை எடுங்கள், கிரைடீரியன் வட்டில் கிடைக்கும். எந்தப் பதிப்பு, எத்தனையாவது நிமிடம் என்று அடிக்குறிப்பில் போடுங்கள்.

முகில்நிலா:
பத்தியை மாற்றி எழுதுகிறேன். பார்ப்ரா பெரும்பாலும் சோபாவில் உறைந்துபோய் உட்கார்ந்திருப்பதை 1990 மறு ஆக்கத்தோடு ஒப்பிடலாமா? அதில் அவள்தானே துப்பாக்கி எடுக்கிறாள்?

கருவிழி:
ஒப்பிடலாம், இந்த இயலில் வேண்டாம். 1990 படத்தின் திரைக்கதையும் ரொமேரோவுடையது, இயக்கம் டாம் சாவினி. இடையில் கரோல் குளோவர் 1987-ல் ‘கடைசிப் பெண்’ பற்றி, அதாவது கொலைத் திகில் படங்களில் எல்லோரும் செத்த பிறகு தப்பிப் போராடும் பெண்ணைப் பற்றி எழுதிய கட்டுரை வந்துவிட்டது. கட்டுரையைப் படித்துத்தான் பார்ப்ரா மாறினாள் என்று யாராவது எழுதத் தொடங்கினால் மறுபடி தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.